உங்கள் ஆய்வு எந்த மேசைக்குப் போகும்? காரைக்குடிப் பக்கம் முனைவர் பட்டம் தொடங்குபவர்களுக்கு ஒரு ஃபெலோஷிப் வழிகாட்டி

எம்.ஏ. முடித்துவிட்டு முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்ய வரும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணே, ஃபெலோஷிப்புக்கு எங்கே அப்ளை பண்ணணும்?" என்பதைத்தான். அதைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். கீழே சொல்லியும் இருக்கிறேன். ஆனால் என்ன கேள்விக்காகப் பணம் கேட்கிறோம் என்பது தெளிவாகாமல் விண்ணப்பம் போட்டால் என்ன நடக்கும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன்.

என் முதல் நேர்முகத் தேர்வு அது. "சிவகங்கை மாவட்டக் கண்மாய்களின் நீர் மேலாண்மை: ஓர் ஆய்வு" என்பது என் தலைப்பு. கண்மாய்க்கரையில் வளர்ந்தவன், சொல்வதற்கா பஞ்சம்? மடை, கலுங்கு, வரத்துக்கால், நீர்பாய்ச்சி, கோயில் மரியாதை என்று பத்து நிமிடம் பேசினேன். குழுவில் இருந்த மூத்த பேராசிரியை பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "சரி தம்பி, இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு யார் என்ன செய்யணும்?" எனக்கு வாய் எழவில்லை. ஃபெலோஷிப்பும் வரவில்லை.

கொள்கை சார்ந்த ஆய்வு என்று சொல்வதற்கு அந்த அம்மா கேட்டதுதான் அளவுகோல். ஊராட்சி ஒன்றியமோ, மாநகராட்சியோ, ஏதாவது ஒரு துறையோ இப்போது ஒரு முடிவை ஒரு விதமாக எடுத்துக்கொண்டிருக்கிறது. உங்கள் ஆய்வு முடிந்ததும் அதை வேறு விதமாக எடுக்கக் காரணம் கிடைக்க வேண்டும். அந்த முடிவு எந்த மேசையில் எடுக்கப்படுகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இவ்வளவுதான்.

முதல் வேலை: தலைப்பைக் கேள்வியாக மாற்றுவது

இதற்கு ஒரு மாதம் செலவானாலும் பரவாயில்லை. என் கண்மாயையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலப்பரப்பு) 40 ஹெக்டேருக்கு மேல், அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் உள்ள கண்மாய்கள் நீர்வளத்துறையிடம் இருக்கின்றன. அதற்குக் கீழே உள்ளவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. கல்லல் பக்கமோ சாக்கோட்டைப் பக்கமோ போய்ப் பாருங்கள். தண்ணீர் கொண்டுவரும் ஒரே வரத்துக்காலில் மேலே ஒன்றியக் கண்மாய், கீழே நீர்வளத்துறைக் கண்மாய் என்று சங்கிலியாக இருக்கும். மேலே உள்ளதில் கரை உடைந்தால் கீழே உள்ளதற்குத் தண்ணீர் வராது. ஆனால் இரண்டுக்கும் இரண்டு அலுவலகம், இரண்டு நிதி, இரண்டு கோப்பு. "ஒரே சங்கிலியில் உள்ள கண்மாய்களை இரண்டு துறைகள் தனித்தனியாகப் பராமரிப்பதால் கடைமடைக்குத் தண்ணீர் குறைகிறதா? குறைந்தால் சங்கிலிக்கே ஒரு பொறுப்பாளர் என்று மாற்றினால் சரியாகுமா?" என்று கேட்டுவிட்டால் மேசை கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டாவது முறை நான் எழுதியது கிட்டத்தட்ட இதைத்தான்.

சீமைக்கருவேலத்தையும் இப்படித் திருப்பலாம். "சீமைக்கருவேலத்தின் தீமைகள்" என்று எழுதினால் அது பள்ளிக் கட்டுரைப் போட்டிக்குத்தான் ஆகும். அந்த மரத்தை ஏலம் விட்டு ஊராட்சிக்கு வருமானம் வருகிறது, கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன, அரசோ அந்நியத் தாவரங்களை ஒழிக்கத் தனிக் கொள்கையே வகுத்திருக்கிறது. இந்த மூன்றும் மோதிக்கொள்ளும் இடத்தில் கேள்வி இருக்கிறது.

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி எழுத ஆசைப்படுபவர்கள்தான் அதிகம். பர்மா தேக்கு, ஆத்தங்குடித் தளம், முகப்பு, பட்டாலை, இரண்டாங்கட்டு என்று வர்ணித்து ஏற்கெனவே நிறைய வந்துவிட்டது. தயவுசெய்து இன்னொன்று வேண்டாம். 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. 2012-இல் தமிழ்நாட்டில் பாரம்பரிய ஆணையச் சட்டம் வந்தது. அப்படியிருந்தும் வீடுகள் தூண் தூணாக, கதவு கதவாக விலை போகின்றன. ஒரே வீட்டுக்குப் பல புள்ளிகள், அதாவது பங்குள்ள குடும்பங்கள், பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில். பழுதுபார்க்க எல்லோரும் சேர்ந்து பணம் போட வேண்டும். இடிப்பது என்று முடிவானால் ஆளுக்குக் கொஞ்சம் கைக்கு வரும். பங்குதாரர் எண்ணிக்கைக்கும் வீடு இடிபடுவதற்கும் தொடர்பு உண்டா, சொத்துவரிச் சலுகையோ பழுதுபார்ப்பு மானியமோ தந்தால் யார் அதைப் பயன்படுத்திக்கொள்வார்கள் என்று கேட்டால் உள்ளாட்சி, சுற்றுலாத்துறை, ஆணையம் என்று மூன்று மேசைகள் கிடைக்கின்றன.

2024-இல் காரைக்குடி மாநகராட்சியானபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சுற்றுப்புற ஊராட்சிகள் சிலவும் சேர்க்கப்பட்டன. ஊராட்சியாக இருந்த இடம் நகர்ப்புறமானால் ஊரக வேலை உறுதித் திட்டம் போய்விடும், வரி விகிதம் மாறும். அதற்கு ஈடாகக் குடிநீரும் சாலையும் வந்தனவா? இதை இப்போதே வீடு வீடாகக் கேட்டுப் பதிவு செய்யாவிட்டால் ஐந்து வருடம் கழித்து யாருக்கும் முந்தைய நிலை நினைவிருக்காது. பொருளாதாரம் படிக்கும் யாராவது இதை எடுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

கேள்வி கிடைத்ததும் சோத்கங்கா தளத்தில் தேடுங்கள். நாட்டின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் பல அங்கே முழு வடிவில் கிடைக்கும். உங்கள் கேள்வியை யாராவது ஏற்கெனவே கேட்டிருந்தால் சோர்ந்து போக வேண்டாம். அவர்கள் விட்ட இடம் எது என்பதே உங்கள் முன்மொழிவின் இரண்டாவது பத்தி.

நெறியாளர், பதிவு

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், பல்கலைக்கழக அலுவலகமே விவரம் தந்துவிடும். யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிகளின்படி முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டுவரை கிடைக்கும். எம்.ஃபில். இனி இல்லை. ஒரு பேராசிரியர் எட்டு பேரையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப் பேராசிரியர் நான்கு பேரையும்தான் ஒரே சமயத்தில் வைத்துக்கொள்ளலாம். அதனால் கைடைப் பார்க்கப் போகும்போது முதலில் காலியிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை.

ஃபெலோஷிப் வேண்டுமானால் முழுநேரமாகப் பதிவு செய்யுங்கள். பகுதிநேரமாகப் பதிந்துவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து ஒரு வருடம் இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

பணம் யார் தருகிறார்கள்?

பெரிய கதவு ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை) தான். அதற்கான யு.ஜி.சி. நெட் தகுதித் தேர்வை என்.டி.ஏ. என்ற தேசியத் தேர்வு முகமை ஆண்டுக்கு இருமுறை, ஜூன் சுற்று, டிசம்பர் சுற்று என்று நடத்துகிறது. முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாம் தாளில் 100 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண், மொத்தம் மூன்று மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. ஒன்றையும் விடாமல் நிரப்பிவிட்டு வாருங்கள். 2023 ஜனவரியிலிருந்து நடைமுறையில் உள்ள விகிதப்படி முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அதன்பின் எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வாளர்) ஆக உயர்ந்ததும் மாதம் 42,000. மொத்தம் ஐந்து ஆண்டுக்கு மேல் போகாது. வீட்டு வாடகைப் படி தனி. சமூக அறிவியலுக்குக் கண்டிஞ்சென்சி, அதாவது ஆய்வுக்கான சில்லறைச் செலவுத் தொகை, முதல் இரண்டு ஆண்டு வருடத்துக்கு 10,000, பிறகு 20,500. பொது வயது வரம்பு 30. பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்து ஆண்டு தளர்வு உண்டு.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு சிக்கல்: மொழிப் பாடங்கள் தவிர மற்றவற்றுக்கு வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழ்வழியில் படித்தவர்கள் பாடம் தெரியாமல் தோற்பதைவிட, கேள்வியைப் படித்து முடிக்க நேரம் போதாமல் தோற்பதுதான் அதிகம் என்பது நான் பார்த்தது. பழைய வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்துப் போட்டுப் பழகுவதைத் தவிர வேறு மருந்து இல்லை.

2024-இலிருந்து நெட் மதிப்பெண்ணே முனைவர் பட்ட நுழைவுக்கும் பயன்படுகிறது. ஜே.ஆர்.எஃப். தவறினாலும் கீழ்ப்பிரிவில் தேர்ந்தால், அந்த மதிப்பெண்ணை ஏற்கும் பல்கலைக்கழகங்களில் ஓர் ஆண்டுக்குள் சேரலாம். நெட்டுக்கு 70, நேர்முகத்துக்கு 30 என்ற விகிதத்தில் கணக்கிடுவார்கள். திருவாரூரில் உள்ளது போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களில் ஜே.ஆர்.எஃப். இல்லாத முழுநேர ஆய்வாளர்களுக்கு மாதம் 8,000 ரூபாய் தரும் திட்டம் இருக்கிறது. கம்மிதான், ஒன்றும் இல்லாததற்கு அது மேல்.

கொள்கை ஆய்வுக்கு மிகவும் பொருத்தமான கதவு என்று நான் நினைப்பது ஐ.சி.எஸ்.எஸ்.ஆர்., அதாவது 1969-இல் தொடங்கிய இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம். இதன் முனைவர் பட்ட ஃபெலோஷிப் மாதம் 20,000, கண்டிஞ்சென்சி ஆண்டுக்கு 20,000, இரண்டு ஆண்டு. ஜே.ஆர்.எஃப்.ஐவிடத் தொகை குறைவு. ஆனால் வயது வரம்பு 40. நெட் போல மனப்பாடம் சோதிக்கும் தேர்வு கிடையாது, உங்கள் முன்மொழிவைப் படித்துத்தான் கொடுக்கிறார்கள். விண்ணப்பிக்கும்போதே முனைவர் பட்டப் பதிவு உறுதியாகியிருக்க வேண்டும். கழகத்தின் ஆதரவில் இயங்கும் நிறுவனங்களும் தங்கள் மாணவர்களுக்குத் தருகின்றன. சென்னை அடையாற்றில் மால்கம் ஆதிசேஷையா 1971-இல் தொடங்கிய எம்.ஐ.டி.எஸ்., பெங்களூரின் ஐசெக், திருவனந்தபுரத்தின் சி.டி.எஸ். ஆகியவை அப்படிப்பட்டவை. கொள்கைதான் வேலை என்று முடிவெடுத்துவிட்டால் இங்கேயே பதிவு செய்வதைப் பற்றி யோசியுங்கள். காரைக்குடியை விட்டுப் போக மனமில்லாதவர்கள் அங்கே நடக்கும் பயிலரங்குகளுக்காவது போய் வரலாம்.

பல்கலைக்கழகங்கள் சொந்த நிதியிலிருந்து தரும் உதவித்தொகைகளை யாரும் கவனிப்பதில்லை. அறிவிப்பு துறைப் பலகையில் ஒட்டப்படும், பத்து நாளில் கடைசித் தேதி வந்துவிடும். துறை அலுவலகத்தில் உள்ளவரிடம் மாதம் ஒருமுறை தலைகாட்டுங்கள்.

மாநில அரசு முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைக்காக ஆசிரியர் தேர்வு வாரியம் மூலம் 2023-இல் தகுதித் தேர்வு நடத்தியது. அடுத்த அறிவிக்கைக்கு வாரியத்தின் தளத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் முழுநேர ஆய்வாளர்களுக்குத் துறை ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. உடன்பிறந்தவர் இல்லாமல் வீட்டுக்கு ஒரே பிள்ளையாக உள்ள பெண்ணாக இருந்தால் யு.ஜி.சி.யின் சாவித்திரிபாய் ஜோதிராவ் புலே ஃபெலோஷிப் இருக்கிறது. ஜே.ஆர்.எஃப். அளவுக்கே பணம், நெட் தேவையில்லை.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 2022-இல் வந்த தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்தையும் எல்லோரும் ஃபெலோஷிப் என்றே சொல்கிறார்கள். அது அரசுத் துறைகளோடு இரண்டு ஆண்டு வேலை பார்க்கும் திட்டம். முனைவர் பட்டத்துக்குத் தரும் உதவித்தொகை இல்லை. கொள்கை எப்படி உருவாகிறது என்று உள்ளேயிருந்து பார்த்துவிட்டு அப்புறம் ஆய்வுக்கு வர விரும்பினால் அருமையான வழி.

வெளிநாடு என்றால் ஃபுல்பிரைட்-நேரு முனைவர் ஆய்வு ஃபெலோஷிப்: இந்தியாவில் பதிவு செய்தவர்கள் ஆறு முதல் ஒன்பது மாதம் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருந்து வரலாம். முதல் ஆண்டில் அதை நினைக்க வேண்டாம்.

ஒரே நேரத்தில் இரண்டு ஃபெலோஷிப் வாங்கக் கூடாது. விண்ணப்பம் எத்தனை வேண்டுமானாலும் போடலாம்.

காகிதங்கள்

அறிவிக்கை வருவதற்கு முன்பே இவற்றைத் தயார் செய்துவிடுங்கள். நம் ஊரில் மூன்று இடத்தில் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள்.

முதலாவது இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் ஓர் எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, பான் அட்டையில் முன்பின்னாக. நகரத்தார் வீடுகளில் மூன்று இனிஷியல் சாதாரணம் என்பதால் கூத்து இன்னும் அதிகம். வங்கிக் கணக்கும் ஆதாரும் முதலில் ஒத்துப்போகட்டும். பணம் வருவது அதன் வழியாகத்தான்.

இரண்டாவது சாதிச் சான்றிதழ். நம்மிடம் உள்ள பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மாநிலத்துக்கு மட்டும் செல்லும். மத்திய ஃபெலோஷிப்புக்கு மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) இல்லை என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் அலுவலகம் வழியாக வரும். பழையதைக் காட்டி ஏமாறாதீர்கள், நடப்பு நிதியாண்டுக்குரியதாக வாங்குங்கள்.

மூன்றாவது, பதிவு உறுதிக் கடிதம். பதிவாளர் கையெழுத்துக்கு நாளாகும். கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள்.

முன்மொழிவு எழுதும்போது

முதல் பத்தியிலேயே கேள்வி வர வேண்டும். "நீரின்றி அமையாது உலகு" என்று தொடங்காதீர்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன், என்னைப் போல அன்று எத்தனை பேர் தொடங்கியிருந்தார்களோ.

அடுத்து, தரவு எங்கிருந்து வரும் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். "முதன்மைத் தரவு, இரண்டாம்நிலைத் தரவு" என்று பொதுவாக எழுதினால் யாரும் நம்புவதில்லை. நீர்நிலை என்றால் 2023-இல் வெளியான நாட்டின் முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பு, கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அடங்கல், ஒன்றிய அலுவலகப் பணிப் பதிவேடு. சத்துணவு, காலை உணவு என்றால் தேசியக் குடும்பநல ஆய்வின் மாவட்ட அறிக்கை. பழைய வரலாறு வேண்டுமானால் எழும்பூர் ஆவணக்காப்பகம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். அந்த நூலகமே நம் கோட்டையூர்க்காரர் ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களிலிருந்து 1994-இல் பிறந்ததுதான். சொந்த ஊர் சொத்தைப் பார்க்கச் சென்னைக்குப் போகிறோம், போகட்டும். அலுவலகத்தில் தர மறுக்கும் விவரத்துக்குத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தமிழிலேயே எழுதலாம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். முன்மொழிவு எழுதும் முன்பே ஒரு மனு போட்டுக் கிடைத்த பதிலை இணைத்துவிட்டால், தரவு கிடைக்குமா என்ற கேள்வியே எழாது.

கால அட்டவணையை ஊரைப் பார்த்துப் போடுங்கள். கண்மாய் ஆய்வுக்கு ஐப்பசி, கார்த்திகை மழையைத் தவறவிட்டால் ஒரு வருடம் போச்சு. வீடுகள் ஆய்வு என்றால் வருடம் முழுக்கப் பூட்டுத்தான் தொங்கும். கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் திருவிழாவுக்கும் பங்காளிகள் கூடும் சில நாள்தான் உங்களுக்கு. அப்போதும் வளவில் இலை போடும் நேரத்தில் வினாத்தாளை நீட்டாதீர்கள். ஆச்சிகளிடம் முதல் நாள் பேசி வைத்தால் மறுநாள் அவர்களே ஆட்களைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். பள்ளிக்கூடங்களில் கணக்கெடுக்க முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதி வேண்டும், பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். இதற்கு மூன்று மாதம் ஒதுக்குங்கள்.

கடைசிப் பத்தி மேசையைப் பற்றியது. எந்த அதிகாரி, எந்த விதியின்கீழ், எந்த முடிவை மாற்றலாம் என்று நான்கு வரி போதும். ஆய்வு முடிவு எதிர்பார்த்ததற்கு மாறாக வந்தால் அதற்கும் பயன் உண்டு என்று ஒரு வரி சேருங்கள். இரண்டு துறைப் பராமரிப்பால் வேறுபாடே இல்லை என்று தெரிந்தால் அதுவும் அரசுக்குச் செய்திதானே.

வேறு ஆய்வேட்டிலிருந்து பத்திகளை எடுத்து ஒட்டாதீர்கள். ஒப்புமை மென்பொருளில் மாட்டும். 10 சதவீதத்துக்கு மேல் போனால் பதில் சொல்லியாக வேண்டும்.

நேர்முகம்

சென்னையில் காலை பத்து மணிக்கு என்றால் அன்று விடியற்காலைப் பல்லவன் ரயிலை நம்பாதீர்கள், முன்தினமே போய்விடுங்கள். கேள்வியையும் மேசையையும் இரண்டு நிமிடத்தில் சொல்லிப் பழகுங்கள். என் ஆயாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவருக்குப் புரிந்த அன்றுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

பணம் வந்த பிறகு

கிடைத்துவிட்டது என்று இனிப்பு வாங்கும்போதே ஒரு நோட்டும் வாங்குங்கள். யு.ஜி.சி. ஃபெலோஷிப்பில் சேர்க்கை அறிக்கை போன பிறகு, நீங்கள் ஆய்வைத் தொடர்கிறீர்கள் என்று நிறுவனம் மாதாமாதம் இணையதளத்தில் உறுதி செய்ய வேண்டும். மேக்கர் என்று ஒருவர் பதிவார், செக்கர் என்று ஒருவர் ஒப்புவார். இருவரில் ஒருவர் விடுப்பில் போனால் உங்கள் மாதம் நின்றுவிடும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இப்படியே நான்கு மாதம் வரவில்லை. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை, கேட்பதற்கு ஆள் போகவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு மாதமும் போய்ப் பணிவாக நினைவூட்டுங்கள். மூன்று மாதச் செலவுக்காவது கையிருப்பு வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

கண்டிஞ்சென்சிக்கு ஒவ்வொரு ரசீதும் வேண்டும். பேருந்துச் சீட்டு, ஜெராக்ஸ், பென் டிரைவ் எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒட்டி வையுங்கள். வருடக் கடைசியில் பயன்பாட்டுச் சான்றிதழ் தயாரிக்கும்போது, ஐந்தொகை போடும் பழைய கணக்குப்பிள்ளை மாதிரி நிம்மதியாக உட்காரலாம்.

ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். பணம் இரண்டு ஆண்டில் முடியும், ஆய்வேடு முடியாது. அதனால் களப்பணி முழுவதையும் பணம் வரும் காலத்திலேயே முடித்துவிட்டு, எழுதும் வேலையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஆய்வேடு முடியும்வரை காத்திராமல், இரண்டாவது ஆண்டிலேயே தமிழில் இரண்டு பக்கச் சுருக்கம் ஒன்று எழுதுங்கள். தமிழ்நாட்டில் கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மார்ச் 22, உலக நீர் நாள் கூட்டம் அதில் ஒன்று. நான் அன்றுதான் போனேன். பந்தலடியில் என் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஊர்ப் பெரியவர், "மேலக்கண்மாய் மடை உடைஞ்சது ரெண்டு வருசமுன்னு போட்டிருக்க தம்பி, அது மூணு வருசம்" என்றார். திருத்திக்கொண்டேன். அந்தச் சுருக்கத்தின் பிரதியை ஒன்றிய அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முன்னேற்ற அறிக்கையோடு அதை இணைக்கலாம்.